முதுகு எழுதப்படாத துப்பறிவாளர்

கீரமங்கலம் பேருந்து நிலையத்தில் 2021ஆம் ஆண்டு ஆனி மாதம் வந்து இறங்கிய துப்பறியும் சமரபுங்கவருக்கு முதுகு கிடையாது. முன்பக்கம் எல்லாம் சரியாகவே இருந்தது. கறுப்புக் கோட்டு, சரிகைத் தலைப்பாகை, கூரிய மூக்கு, வெள்ளிப் பூண் போட்ட கைத்தடி. திரும்பினால் ஆள் இல்லை. அவரைப் படைத்த நாவலாசிரியர் ஏகாம்பரம் நூற்றுப் பதினேழு நாவல்களில் ஓர் இடத்தில்கூட அவருடைய முதுகைப் பற்றி எழுதவில்லை, அதனால் இல்லை. பூக்கடைக்காரர்கள் முதல் நாள் கொஞ்சம் உற்றுப் பார்த்தார்கள். மறுநாளிலிருந்து அவர் வரும்போது மட்டும் பார்த்தார்கள், போகும்போது பார்க்க ஒன்றும் இல்லை.

ஏகாம்பரம் பொன்னமராவதிக்காரர். 1905 முதல் 1936 வரை எழுதினார். வருஷம் தவறாமல் மூன்று எழுதினார், சில வருஷம் ஐந்து எழுதினார். மிராசுதார்கள், வக்கீல்கள், நகை வியாபாரிகள் என்று அவருக்குச் சந்தாதாரர்கள் இருந்தார்கள், புத்தகம் வி.பி. பார்சலில் அவர்கள் வீட்டு வாசலுக்குப் போகும், தபால்காரரிடம் பணம் கட்டி வாங்கிக்கொள்வார்கள். முதல் உலகப் போர் நடந்த வருஷங்களில் அவருடைய கதைகளில் ஜெர்மானிய ஒற்றர்கள் கோட்டைப்பட்டினம் கடற்கரையில் படகு படகாக வந்து இறங்கினார்கள். போர் முடிந்ததும் அதே ஆட்கள் அதே மீசையோடு கள்ளநோட்டு அடித்தார்கள். எல்லாரையும் பிடித்தவர் சமரபுங்கவர். கடைசி நாவலின் இருபத்திரண்டாம் அத்தியாயத்தில் சமரபுங்கவர் புதுக்கோட்டையில் மோட்டார் பஸ் ஏறிக் கீரமங்கலம் புறப்பட்டார். அன்று சாயங்காலம் ஏகாம்பரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு செத்துப்போனார். பஸ் எண்பத்தைந்து வருஷம் கழித்து வந்து சேர்ந்தது. அந்த ரூட்டில் தாமதம் புதிதல்ல என்பதால் யாரும் விளக்கம் கேட்கவில்லை. கண்டக்டர் மட்டும் அவர் கொடுத்த காசு செல்லாது என்று திட்டி இறக்கிவிட்டார்.

அவரைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனவர் பூ கமிஷன் கடை முத்துராமன். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலேயே கடை. சுற்றுவட்டாரத்து முல்லையும் கனகாம்பரமும் சம்பங்கியும் விடிவதற்குள் அங்கே வந்து இறங்கும். அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. அன்றைக்கு வரும் முதல் மூட்டையை முதலாளி குடும்பத்து ஆண் ஒருவர் தன் கையால் வாங்க வேண்டும். கணக்குப்பிள்ளையோ கூலியாளோ வாங்கினால் அன்று பூ விலை இறங்கிவிடும். இது நம்பிக்கை இல்லை, பலமுறை இறங்கியிருக்கிறது. முத்துராமன் முப்பது வருஷமாகக் காய்ச்சலிலும் எழுந்துவந்து முதல் மூட்டையை வாங்கினார். அதைத் தவிர அவர் கையில் எதையும் எடுத்து யாரும் பார்த்ததில்லை. தண்ணீர்ச் செம்பைக்கூட அவர் மனைவி கண்ணாத்தாள் வேலைக்காரியை விட்டுத்தான் கொடுக்கச் சொல்வாள்.

வந்த மாதமே சமரபுங்கவருக்கு வேலை கிடைத்தது. கண்ணாத்தாளின் இரட்டைவடச் சங்கிலியைக் காணவில்லை. சமரபுங்கவர் வீட்டாரையெல்லாம் கூடத்தில் உட்காரவைத்து, சுருட்டுச் சாம்பலைப் பற்றியும் காலடித் தடத்தைப் பற்றியும் வெகுநேரம் பேசினார். வீட்டில் சுருட்டுப் பிடிப்பவர்கள் யாரும் இல்லை. பிறகு கைத்தடியை நீட்டினார். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற வேலைக்காரி உண்ணாமலையை அது காட்டியது. உண்ணாமலையின் வாய் தானாகத் திறந்தது. "ஆ! தெய்வமே! நானே அந்த மகாபாவி! பேராசையென்னும் பேய் என்னைப் பற்றிக்கொண்டதே!" என்று அவள் அழுதாள். அப்படி ஒரு தமிழை அவள் ஆயுளில் பேசியதில்லை. அவள் ஒயர் கூடையைத் திறந்து பார்த்தால் சங்கிலி இருந்தது. அவளைப் போலீஸ்காரர்கள் கொண்டுபோனார்கள். மறு வாரம் அரிசி டிரம்மைக் காலி செய்தபோது அடியில் அதே சங்கிலி கிடந்தது. கண்ணாத்தாள் இரண்டையும் போட்டுக்கொண்டாள். உண்ணாமலையைத் திருப்பிக் கூப்பிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டவள் அவள்தானே என்றார்கள்.

அடுத்தது குவைத்தில் டிரைவர் வேலை பார்த்து, விடுப்பில் வந்த கவியரசன். பஸ்ஸை விட்டு இறங்கி, சென்ட் வாசத்தோடு கையில் பெட்டியுடன் நின்று வெளிநாட்டு மொழியில் போன் பேசியவனைச் சமரபுங்கவர் எதிரி நாட்டு ஒற்றன் என்று அறிவித்தார். கவியரசன் தான் ஜெர்மனிச் சக்கரவர்த்தியின் கையாள் என்பதை உடனே ஒப்புக்கொண்டான். பெட்டியில் டேட்ஸ் பாக்கெட்டுகளுக்கு அடியில் கோட்டைப்பட்டினம் கடற்கரையின் வரைபடம் இருந்தது. ஜெர்மனியில் சக்கரவர்த்தி போய் நூறு வருஷம் ஆயிற்று என்று யாரோ ஒருவர் சொன்னார். அதை விசாரணையில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி அழைத்துப்போனார்கள். அவன் விசா காலாவதியானது. கரோனாவில் பாதி, இதில் பாதி.

இரண்டு வருஷத்தில் இப்படி ஏழெட்டுப் பேர். எல்லாரும் வீட்டுவேலை, சமையல், தோட்டம், காவல், டிரைவர் வேலை பார்த்தவர்கள். வேலை செய்கிறவனைத்தான் அவர் பிடிப்பார் என்பதை ஊர் கண்டுகொண்டது. வேலைக்கு ஆள் வைத்திருந்தவர்களுக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. சிவனிடமே குற்றம் கண்டு சொன்ன புலவருக்குச் சிலை வைத்த ஊர்தான் இது. சிலை நன்றாகவே இருக்கிறது.

2022 ஐப்பசியில், முத்துராமன் கடையின் வேன் டிரைவர் நாகராசு தென்னந்தோப்புக் கிணற்றில் செத்துக் கிடந்தான். கால் கழுவப் போனவன் வழுக்கி விழுந்துவிட்டான் என்று விசாரிக்க வந்த போலீஸ் அதிகாரி எழுதிக்கொண்டார். நாகராசுவின் மனைவி அமராவதி முத்துராமன் வீட்டில் சமையல் செய்தாள். சமையலறை ஜன்னல் தோப்பைப் பார்த்து இருக்கும். முத்துராமன் மகன் திருமுருகன் குடித்துவிட்டு வேன் சாவியைக் கேட்டதையும், நாகராசு "தண்ணி போட்டிருக்கீங்க, லோடு இருக்கு, வேணாம் தம்பி" என்று கூலியாட்களுக்கு முன்னால் சொன்னதையும், ஆட்கள் போனபின் திருமுருகன் வீல் ஸ்பேனரால் அவன் தலையில் அடித்ததையும், காலைப் பிடித்து இழுத்துக் கிணற்றில் தள்ளியதையும் அவள் அந்த ஜன்னலில் பார்த்தாள். அவள் கத்தியது மிக்ஸி சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. பிறகு அவள் சொன்னதும் யாருக்கும் கேட்கவில்லை. அப்போது மிக்ஸி ஓடவில்லை.

காரியம் முடிந்ததும் அவள் அதே வீட்டுக்கு வேலைக்குத் திரும்பினாள். கடைத்தெருவில், குழாயடியில், ரேஷன் கடையில், பார்த்தவர்களிடமெல்லாம் ஒரே குரலில் அதையே சொன்னாள். வேலையை விட்டு நிறுத்தினால் சொல்வது உண்மை என்று ஆகிவிடும் என முத்துராமன் அவளை வைத்துக்கொண்டார். ஒரு வருஷம் ஆகியும் அவள் சொல்வதை நிறுத்தவில்லை. கடைசியில் முத்துராமனே சமரபுங்கவரிடம் இந்த வழக்கை ஒப்படைத்தார். நாள் பார்த்து, அதிகாரியையும் பூ மார்க்கெட் ஆட்களையும் வீட்டுக்குக் கூப்பிட்டார். யாரைக் காட்டப்போகிறார் என்பது ஊருக்கே தெரிந்திருந்தது. வீட்டில் மிச்சமிருந்த வேலையாள் ஒருத்திதான்.

அவளுடைய அக்காள் அன்புமொழி விராலிமலையிலிருந்து ஓடிவந்தாள். "ஏண்டி, புருசனையும் வாரிக் குடுத்துட்டு, கொன்னவன்னு ஒம் பேரையும் எழுதிக்கப் போறியா? அந்த ஆளு குச்சிய நீட்டுனா ஒம் வாயே ஒனக்குச் சொந்தமில்லையாம்ல. கெளம்பு, எங்கூட வந்துரு."

"நான் ஓடுனா நான்தான் கொன்னேன்னு ஆயிரும்க்கா."

"இருந்தா மட்டும்?"

"இருந்தா அந்தப் பய வாயால சொல்ல வைப்பேன். அவன் சொல்லணும். எனக்கு அது போதும்."

"கிழிச்ச. ஊருல இருக்குற அத்தன ஆம்பளையும் வாயத் தொறக்கல. இவ தொறக்க வைக்கப் போறாளாம்" என்று திட்டிவிட்டு அன்புமொழி அங்கேயே தங்கினாள்.

அமராவதி பத்தாவது வரை படித்தவள். ஏகாம்பரத்தின் கொள்ளுப்பேரன் அருள்மணி ஊரில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தான். அவன் வீட்டு டிரங்குப் பெட்டியில் நாவல்கள் கிடந்தன. அவள் கேட்டதும் "அள்ளிட்டுப் போங்கக்கா, எடைக்குப் போடப் பாத்தேன், தாளு உதிருதுன்னு அவனும் வேணாம்னுட்டான்" என்றான். வேலை முடிந்து வந்த பொழுதுகளில் அவள் அவற்றைப் படித்தாள். தும்மிக்கொண்டே படித்தாள். அழகாக இருக்கிறது, இல்லை என்றெல்லாம் அவளுக்கு அபிப்பிராயம் இல்லை. முதல் பக்கங்களைத் தள்ளிவிட்டு எல்லாரும் கூடத்தில் கூடும் அத்தியாயத்தை மட்டும் எடுத்துப் பார்த்தாள். எல்லாரும் உட்கார்ந்திருப்பார்கள், ஒருத்தர் மட்டும் எதையாவது கையில் ஏந்தி நிற்பார். அவரைத்தான் கைத்தடி காட்டும். சமையற்காரன் பால்செம்போடு நின்றான், வண்டிக்காரன் சாட்டையோடு நின்றான், தாதி விளக்கோடு நின்றாள். மூன்றாவது நாவலில் மட்டும் மிராசுதாரே கொலைகாரர். அதிலே மிராசுதார், விருந்தாளிகளை உபசரிக்க வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு தானே எழுந்து நிற்கிறார். முதலில் படித்தவர்கள் மற்றவர்களிடம் சொல்லிவிட, அந்த மாதம் வி.பி. பார்சல்கள் பாதிக்குமேல் பிரிக்கப்படாமல் திரும்பி வந்தன, அவையும் அதே பெட்டியில் கட்டு அவிழ்க்காமல் கிடந்தன. அதன்பிறகு எழுதிய நூற்றுப் பதினான்கு நாவல்களில் ஏகாம்பரம் எந்த முதலாளி கையிலும் எதையும் கொடுக்கவில்லை. ஊர் நினைத்தது தவறு. சமரபுங்கவருக்கு வேலைக்காரன் யார், முதலாளி யார் என்றே தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஏந்தி நிற்பவன் யார் என்பதுதான்.

குறித்த நாளில் கூடம் நிறைந்திருந்தது. அதிகாரி சோபாவில் இருந்தார். மார்க்கெட் ஆட்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் இருந்தார்கள். முத்துராமனும் திருமுருகனும் ஊஞ்சலில் இருந்தார்கள். சமரபுங்கவர் சுவரை ஒட்டி நின்று பேச ஆரம்பித்தார். கிணற்றுப் பாசி, நிலவின் நிலை, தோப்பில் கிடந்த கைக்குட்டை. கைக்குட்டை எதுவும் கிடக்கவில்லை. பாதிப் பேச்சில் கண்ணாத்தாள் சமையலறையைப் பார்த்துக் காபி என்று குரல் கொடுத்தாள். அமராவதி எட்டு டம்ளர்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டு கூடத்து நிலைப்படிவரை வந்து, உள்ளே கால் வைக்கப்போனாள்.

"ஏய் ஏய், அங்கிட்டே நில்லு" என்றாள் கண்ணாத்தாள். "நல்ல நேரம் பாத்து நாலு பெரிய மனுசங்க ஒக்காந்துருக்காங்க. தாலி அறுத்தவ எதுக்க வாரியே, அறிவு வேணாம்?"

நாகராசு செத்த நாளிலிருந்து கண்ணாத்தாள் அவளை விருந்தாளிகளுக்கு எதிரே வரவிட்டதில்லை. சமைக்கலாம், பாத்திரம் கழுவலாம், எதிரே வரக்கூடாது. காபியைப் படியில் வைத்துவிட்டுப் போக வேண்டும், வேறு ஒருத்தி எடுத்துப்போவாள். அந்த வேறு ஒருத்தியையும் கைத்தடி காட்டிக் கொண்டுபோய்விட்டார்கள், அவள் இடத்துக்கு இதுவரை ஆள் வரவில்லை. யாரைக் கூப்பிட்டாலும் அந்த வீட்டுக்கு வேலைக்கு வரப் பயந்தார்கள். கண்ணாத்தாளுக்கு முட்டிவலி. அவள் சுற்றிப் பார்த்தாள்.

"தம்பி, நீ எந்திரிச்சு வாங்கிக் குடுய்யா."

"நானா? போம்மா."

"ஆறிப் போகுதுடா. சார் காத்துக்கிட்டு இருக்காரு."

திருமுருகன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சலிப்போடு எழுந்து வந்தான். அமராவதி தட்டை அவன் கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, அந்த வீட்டில் வேலைக்குச் சேர்ந்தபின் முதல் தடவையாக, படியிலேயே உட்கார்ந்தாள். கூடத்தில் தட்டோடு நின்றவன் அவன் ஒருவன்தான். முத்துராமனுக்கு ஏதோ தட்டுப்பட்டிருக்க வேண்டும், "டேய் அதக் கீழ வையி" என்று பாதி எழுந்தார். அதற்குள் கைத்தடி நீண்டுவிட்டது.

திருமுருகன் முழங்காலில் விழுந்தான். தட்டை விடவில்லை. "அந்தோ! நானே அந்த மகாபாவி! உத்தமனாகிய நாகராசுவை, மதுவின் மயக்கத்தாலும் கர்வத்தின் மயக்கத்தாலும், இரும்பாயுதத்தால் சிரசில் தாக்கி, பாழுங்கிணற்றிலே தள்ளிய சண்டாளன் நானே!" என்று ஆரம்பித்து, சாவி கேட்டதிலிருந்து காலைப் பிடித்து இழுத்ததுவரை ஒன்று விடாமல் சொன்னான். டம்ளர்களுக்கு நடுவில் வீல் ஸ்பேனர் இருந்தது. அதில் முடி ஒட்டியிருந்தது. நாகராசுவை உயிரோடு இருந்தபோது யாரும் உத்தமன் என்று கூப்பிட்டதில்லை. அமராவதி முழுதும் கேட்டாள். கேட்டு முடித்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அதிகாரியைப் பார்த்தாள்.

அதிகாரி தட்டிலிருந்து ஒரு காபியை எடுத்துக் குடித்து முடித்தார். முதுகு இல்லாத ஆளை எந்தச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவது என்று கேட்டார். திரும்பி நில் என்று வக்கீல் சொன்னால் கேஸ் அங்கேயே போச்சு என்றார். வசியத்தில் பேசின பேச்செல்லாம் வாக்குமூலம் ஆகாது என்றும் சொன்னார்.

"அப்ப உண்ணாமல பேசுனது?" என்றாள் அமராவதி.

"அது வேற கேஸும்மா."

வீல் ஸ்பேனர் வேனுக்கே போனது, பின்சக்கரம் மாற்ற வேண்டியிருந்தது. அமராவதியை அன்றே வேலையை விட்டு நிறுத்தினார்கள். சமரபுங்கவரும் தெருவுக்கு வந்தார். பெரிய வீடுகள் எதுவும் அவரை அதன்பிறகு கூப்பிடவில்லை. அவர் ஒரு கல்யாண மண்டபத்தில் காபி கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்தார். அடுத்த முகூர்த்தத்திலேயே மாப்பிள்ளையின் மோதிரம் காணாமல் போனது. அவர் எல்லாரையும் உட்காரவைத்தார், சாம்பலைப் பற்றிப் பேசினார், கூடத்தைச் சுற்றிப் பார்த்தார், பிறகு தன் கையிலிருந்த தட்டைப் பார்த்தார். நல்ல தமிழில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். இப்போது சிறையில் இருக்கிறார். கணக்கெடுக்கும்போது பின்னாலிருந்து எண்ணினால் ஒரு ஆள் குறைகிறது, அதனால் முன்னாலிருந்து எண்ணுகிறார்கள்.

திருமுருகனுக்கு மட்டும் அது நிற்கவில்லை. யார் எதைக் கையில் ஏந்தக் கொடுத்தாலும் வாய் திறந்துகொள்கிறது, முதலிலிருந்து கடைசிவரை சொன்னால்தான் மூடுகிறது. பெரிய டாக்டர்களைப் பார்த்தார்கள். ஒரு டாக்டர் ஸ்கேன் கவரை அவன் கையிலேயே கொடுத்து, முழுவதையும் கேட்டுவிட்டு, ஃபீஸை வாங்கிக்கொண்டார். 2024இல் பொன்னமராவதியில் பெண் பார்த்துக் கல்யாணம் செய்தார்கள். பெண்ணின் பெயர் பிரகதீஸ்வரி. தாலித் தட்டை மாப்பிள்ளை கையில் கொடுக்காமல் தப்பித்தார்கள், ஆனால் தாலியைக் கையில் எடுத்துத்தானே ஆக வேண்டும். எடுத்ததும் ஆரம்பித்தான். கண்ணாத்தாள் விரலை ஆட்டினாள். கெட்டிமேளம் கொட்டினார்கள். கெட்ட சத்தம் காதில் விழக்கூடாது என்பதற்குத்தானே கெட்டிமேளம். தாலி கட்டி முடிந்தும், மாலை மாற்றி முடிந்தும் கொட்டிக்கொண்டே இருந்தார்கள். தவில்காரர் கை வீங்கிவிட்டது. வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள், பாயசம் நன்றாக இருந்ததாகச் சொன்னார்கள். பிள்ளை பிறந்தபோது அவன் கையில் யாரும் கொடுக்கவில்லை. பிரகதீஸ்வரி மட்டும் ஒருநாள் கதவைச் சாத்திவிட்டு அவன் கையில் பிள்ளையை வைத்து, கடைசிவரை கேட்டாள். பிறகு பிள்ளையை வாங்கிக்கொண்டு பொன்னமராவதிக்குப் போய்விட்டாள்.

போன வருஷம் முத்துராமனுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு கையும் விழுந்துவிட்டன. முதல் மூட்டையை வாங்க, திருமுருகனை விட்டால் அந்தக் குடும்பத்தில் வேறு ஆண் இல்லை. அமராவதி அன்புமொழியின் கொல்லையில் முல்லை போட்டிருக்கிறாள். விராலிமலையிலிருந்து கீரமங்கலத்துக்குப் பூக் கொண்டுவருவது கட்டுப்படியாகாது. வழியெல்லாம் மார்க்கெட் இருக்கிறது. இருந்தும் அவள் வேன் பிடித்து வருகிறாள், எல்லாருக்கும் முன்னால் வந்து வரிசையில் முதலில் நிற்கிறாள்.

"இந்தாங்க தம்பி, கையில வாங்குங்க."

ஆரம்பத்தில் அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கணக்குப்பிள்ளையிடம் கொடுக்கச் சொல்லிப் பார்த்தான். ஒருநாள் கணக்குப்பிள்ளை வாங்கினார், முல்லை பாதி விலைக்கு இறங்கியது. மறுநாள் பின்னால் நின்ற விவசாயிகள் சும்மா இருக்கவில்லை. "யோவ், வாங்கித் தொலைய்யா, எங்க வயித்துல ஏன் அடிக்கிற?" என்று ஒருவர் கத்தினார். "கொன்னவருக்கு வாங்குறதுக்கு என்னாவாம்?" என்றார் இன்னொருவர், கோபமில்லாமல், தராசு சரியில்லை என்று சொல்வதுபோல. அவன் வாங்கினான்.

அதிலிருந்து தினமும் நடக்கிறது. அவள் மூட்டையைக் கொடுக்கிறாள். அந்தோ என்று அவன் ஆரம்பிக்கிறான். கொஞ்ச நேரம் ஆகும் என்பதால் விவசாயிகள் மூட்டைகளை அப்படியே வைத்துவிட்டு எதிர்க்கடையில் டீ குடிக்கப் போகிறார்கள். கணக்குப்பிள்ளை பேப்பர் படிக்கிறார். அமராவதி மட்டும் எதிரே நின்று கேட்கிறாள். ஒருதரம் அவன் கிணற்றைச் சொல்ல மறந்து தாண்டியபோது திருத்தினாள். சொல்லி முடித்ததும் மூட்டையை அவன் கையிலிருந்து எடுத்துத் தராசில் வைக்கிறார்கள். டீ குடித்தவர்கள் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வருகிறார்கள். கணக்குப்பிள்ளை அன்றைய விலையைச் சொல்கிறார்.